பன்றிக் கொழுப்பும் ஒரு வாளித் தண்ணீரும்

வெளியடுப்பில் நிற்க வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் வேலையை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்தக் கறிக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. அதைச் சொல்லித்தர நான் வரவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்து நாலு வருஷமாகிறது. என் கைப்பக்குவத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளவும் ஆசையில்லை, அதை மற்றவர்கள் வேண்டிய அளவு செய்துவிட்டார்கள். நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். தப்பு என்னுடையது, தழும்பு வேறொருத்தி முகத்தில் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் சுற்றுவட்டாரத்துச் சர்ச் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் பன்றிக்கறி சமைத்தவன். விறகடுப்பு, பெரிய அண்டா, இடுப்புயரக் கரண்டி. அந்த வேலையில் அடுப்பு மூட்டும் முன்பு செய்கிற முதல் காரியம், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைப்பது. விறகு எகிறி எரிந்தால் கையால் அள்ளி விறகின் மேல் தெளிப்போம். தீ அடங்கும், கறி அடிப்பிடிக்காது. பந்தல் கீற்றில் பொறி விழுந்தாலும் அந்த வாளிதான். வாளி வைக்காமல் அடுப்பு மூட்டுகிறவனை நாங்கள் சமையல்காரன் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அந்த அடுப்புக்கு அது சரியான பழக்கம்தான்.

பிறகு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு, காலையில் புல்தரையில் நாற்காலி போட்டு, பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அவர்கள் கேட்டது பேக்கன். அதுவும் பன்றிதான். வயிற்றுக்கறியை உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, பட்டை பட்டையாகச் சீவியிருப்பார்கள். பாதிக்கு மேல் கொழுப்பு. பன்றியைப் பற்றி எனக்கா சொல்லித்தரப் போகிறார்கள் என்று நினைத்தேன். எல்லாம் அந்த நினைப்பில்தான் ஆரம்பித்தது.

புல்தரையில் வைத்த கரி அடுப்பைப் பழக்கிக் கொடுக்க மூன்று வாரத்துக்கு ஒருவர் வந்தார். கப்பலில் சமைத்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் பெயரைச் சொல்லவில்லை. நான் அவருக்குக் காட்டிய மரியாதைக்கு, இப்போது அவர் பெயரை இழுப்பது நன்றாக இருக்காது. கரியை அடுப்பில் ஒரு பாதியில் மட்டும் பரப்பச் சொன்னார். கறியைத் தீக்கு நேர் மேலே வைக்காமல் பக்கத்துப் பாதியில் வைக்கச் சொன்னார். தீ எகிறினால் மூடியைப் போட்டு, காற்று ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறையக் காய்ந்த மணல். அடியில் கொழுப்பு சொட்டும் தட்டை ஒவ்வொரு நாளும் காலி செய்ய வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, நான் வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

"இன்னா சார், நெருப்புகிட்ட தண்ணி வேணாம்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். சுற்றி நின்றவர்களும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "விறகுத் தீ வேற, கொழுப்புத் தீ வேறண்ணே. எரியற கொழுப்புல தண்ணி விழுந்தா அடியில போய் ஆவியாகி வெடிக்கும். கொழுப்பத் தூக்கி மூஞ்சில அடிக்கும். இது உங்களுக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. வாளி கைக்கு எட்டுற இடத்துல இருந்தா, பயத்துல கை தானா எடுத்து ஊத்திடும். அதனால வாளியே இங்க இருக்கக் கூடாது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. காதில் விழுந்தது, புரியவும் புரிந்தது. ஆனால் பத்து பேர் நிற்கிற இடத்தில் என்னைவிடச் சின்னவர் ஒருவர் என் வாளியைத் தூக்கிக்கொண்டு போனது உறுத்திக்கொண்டே இருந்தது. ரோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறுக்குத்தனம் என்றும் சொல்லலாம்.

என்னோடு அடுப்பில் நின்றவள் தனம். நைனார்பாளையத்துக்காரி, கூலி வேலை செய்கிற குடும்பம். பாத்திரம் கழுவ வந்தவள். ஒரு தடவை சொன்னால் போதும், மறுபடி சொல்ல வேண்டாம், அப்படியே செய்வாள். அதைப் பார்த்து நான்தான் அவளை அடுப்புக்கு இழுத்துக்கொண்டேன். கப்பல்காரர் இருந்த மூன்று வாரமும் அவள் ஊரில் இருந்தாள். மாமியாருக்குக் கால் முறிந்திருந்தது. அவள் திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவன் நான்.

சொல்லித்தந்தேன். எப்படி என்று கேளுங்கள். "கரிய ஒரு பக்கமா கொட்டு, கறிய அந்தாண்ட வை. தீ எகிறினா தண்ணி அள்ளிப் போடு. பயப்படாத, நம்ம அண்டா அடுப்பு மாதிரிதான்" என்றேன். வாளி கொட்டகைக்குப் பின்னாலிருந்து பழைய இடத்துக்கு வந்தது. மணல் பெட்டியைப் பூனை அசிங்கம் செய்கிறது என்று ரோஜாப் பாத்தியில் கொட்டிவிட்டேன். மூடி மட்டும் மிச்சமிருந்தது. அதையும் மேனேஜர் கழற்றச் சொன்னார். விருந்தாளிகள் தீயோடு சேர்த்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்களாம், மூடி மறைக்கிறதாம். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிங்க சார்" என்று சொல்லி, நானே திருப்புளி எடுத்துக் கழற்றினேன். மூடி சாமான் அறையில் வெங்காய மூட்டைக்கு அடியில் கிடந்தது.

இடையில் சில தடவை தீ எகிறியது. தனம் கையால் தண்ணீர் தெளித்தாள், புஸ்ஸென்று சாம்பல் பறந்தது, தீ அடங்கியது. "பாத்தியா?" என்று அவளிடம் பெருமையாகக் கேட்டேன். கரியில் விழுந்த நாலு சொட்டுக் கொழுப்பு எரிவதும், தட்டு நிறையத் தேங்கிய கொழுப்பு எரிவதும் ஒன்றில்லை. ஒரு காரியம் பத்து தடவை கெடுதல் இல்லாமல் நடந்துவிட்டால் அது சரியான காரியம் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உங்களுக்கும் தோன்றும், கவனமாக இருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அறுபது பேர் வந்திருந்தார்கள். ஒரே கம்பெனிக்காரர்கள், குடும்பத்தோடு. முந்தின நாள் கொழுப்புத் தட்டைக் காலி செய்யவில்லை. தனம் கேட்டாள். "வுடு, காலையில பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். காலையில் தலைக்கு மேல் வேலை. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பேக்கன் பொட்டலங்கள் சரியாக இளகவில்லை. பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினோம். கரியையும் அடுப்பு முழுக்கப் பரப்பிவிட்டேன், சீக்கிரம் ஆகட்டும் என்று. கப்பல்காரர் சொன்னதில் ஒன்றுகூட அன்றைக்கு அந்த அடுப்பில் இல்லை.

மேனேஜர் கூப்பிட்டார். விருந்தாளிகள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார்களாம். "நீ பாத்துக்க" என்று தனத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். முப்பது அடி தூரம் இருக்கும். வரிசையில் நிற்கும்போது "அண்ணே!" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. கையைத் தூக்கி, இதோ வருகிறேன் என்று சைகை காட்டினேன். காட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் படத்தில் நான் நன்றாகவே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தபோது தீ ஆள் உயரத்துக்கு நின்றது. மேலே கட்டியிருந்த துணிப் பந்தலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த கொழுப்பு முழுக்கப் பற்றிக்கொண்டுவிட்டது. தனம் ஓடவில்லை. கிட்டே நின்ற குழந்தைகளை "போங்க, போங்க, தள்ளிப் போங்க" என்று விரட்டினாள். அதற்குப் பிறகு வாளியைத் தூக்கினாள். "வேணாம் தனம்!" என்று நான் கத்தினேனா, கத்த நினைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் ஊற்றினாள். தீ ஒரு பெரிய உருண்டையாக அவள் மேல் வந்தது.

அதற்குப் பிறகு சரியாகச் செய்த சில காரியங்களும் உண்டு. ஒருவர் மாவு போடுங்கள் என்றார், இன்னொருவர் பற்பசை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். யாரையும் தொட விடவில்லை. குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டேன். விடுதியின் பெயர் போட்ட நைலான் ஏப்ரன் உருகி அவள் கையில் ஒட்டியிருந்தது. பிய்க்கவில்லை, ஒட்டிய இடத்தை விட்டுச் சுற்றி வெட்டி எடுத்தோம். டாக்டர் அதையெல்லாம் நன்றாகச் செய்தீர்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது.

கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஜீப்பில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதி வழியில் பேசினாள்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரிதான் தண்ணி ஊத்தனேன். ஏண்ணே இன்னும் ஜாஸ்தியாயிடுச்சி? நா தப்பா ஊத்திட்டனா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். நான், "பேசாத தனம், பேசினா வலிக்கும்" என்றேன். அவளுக்கு வலிக்கும் என்பதற்காக அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் டைப் செய்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பணியாளர் கவனக்குறைவாக அடுப்பைக் கையாண்டதால் ஏற்பட்ட விபத்து என்று அதில் இருந்தது. நேரில் பார்த்தவன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். "ஒண்ணும் இல்லண்ணே, சும்மா ஃபைலுக்குத்தான்" என்றார். போட மாட்டேன் என்றால் அடுத்த கேள்வி வரும். வாளியை வைத்தது யார், மூடியைக் கழற்றியது யார், தட்டைக் காலி செய்யாதது யார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் பதில். எனக்கு வயது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. வேறு எங்கே போய் நிற்பது என்ற பயம் வந்தது. கையெழுத்தைப் போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தனம் பிழைத்தாள். வலது கண் பார்வை மங்கிவிட்டது, வலது கை விரல்கள் முழுக்க மடங்காது. விடுதியில் திரும்ப எடுக்கவில்லை. சின்னசேலம் பக்கம் ஒன்றிரண்டு இடங்களில் சமையலுக்குக் கேட்டுப் போனாளாம். அந்தக் காகிதத்தில் இருந்த வார்த்தை அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கவனம் பத்தாதவள் என்று பெயர். ஒரு தடவை சொன்னால் அப்படியே செய்கிறவளுக்கு, கவனம் பத்தாதவள் என்று பெயர்.

நான் இன்னும் மூன்று வருஷம் அதே இடத்தில் வேலை பார்த்தேன். வாளி போய்விட்டது, மணல் பெட்டி வந்தது, மூடியும் வந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. விடைபெறும் நாளில் சால்வை போட்டார்கள். இவர் கையால் ஒரு விபத்துகூட நடந்ததில்லை என்று மேனேஜர் பேசினார். கை தட்டினார்கள். கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நம் தொழிலில் தீயைப் பற்றிய புத்தி மட்டும் போதாது. உனக்குத் தெரிந்ததை உனக்குக் கீழே நிற்பவருக்கு முழுசாகச் சொன்னாயா என்று பார்க்க வேண்டும். ரோஷத்தில் பாதியை முழுங்கிவிட்டு மீதியைச் சொன்னால், அந்தப் பாதி அவர்கள் உடம்பில் போய் விழும். மேலே இருப்பவர் மூடியைக் கழற்றச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். ஒரு நாள் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அப்படியும் தப்பு நடந்துவிட்டால், அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன வருஷம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விடுதியின் பழைய ஸ்டோர்காரரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார். "தனம் வூட்ல அது அடுப்புகிட்டயே போறதில்லியாம். மவ வுடறதில்லியாம். அம்மாவுக்குக் கவனம் கம்மி, இன்னொரு தபா கொளுத்திக்கும்னு பயப்படுது."

சொந்த வீட்டு அடுப்பு. மறுநாள் காலை நைனார்பாளையத்துக்குப் போனேன்.

வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இடது கையால் உடைத்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, எத்தினி வருசமாச்சி" என்று சிரித்தாள். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது. மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். தனம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

சுற்றி வளைக்கவில்லை. "தனம், அன்னிக்கி ஜீப்ல ஒண்ணு கேட்டியே, தப்பா ஊத்திட்டனான்னு. நீ ஒரு தப்பும் பண்ணல. கொழுப்புத் தீயில தண்ணி ஊத்தவே கூடாது. அது எனக்குத் தெரியும். கப்பல்காரர் எனக்குச் சொன்னாரு, நா உனக்குச் சொல்லல. வாளிய அங்க வெச்சது நானு. உன் கவனக்குறைவுன்னு எழுதின காயிதத்துல கையெழுத்துப் போட்டதும் நானு" என்றேன்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். தனம் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டாள். பிறகு, வேலையில் கேட்பாளே, அதே குரலில் கேட்டாள்.

"அப்ப நா இன்னா பண்ணியிருக்கணும்ணே?"

"மூடியப் போட்டு மூடியிருக்கணும். மூடி இல்லன்னா மண்ண அள்ளிக் கொட்டியிருக்கணும். ரெண்டும் இல்லன்னா, எல்லாரையும் இட்டுக்கினு தூரமாப் போயிடணும். எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது."

"மண்ணா?" என்றாள். "பக்கத்துலயே ரோஜாப் பாத்தி இருந்துச்சே. ரெண்டு எட்டு."

"ஆமா."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா செஞ்சிருப்பனேண்ணே."

கதவோரம் நின்ற மகள்தான் பேசினாள். "ஆறு வருசமா எங்கம்மா ராவும் பகலும் இதயே பேசிக்கினு இருந்துச்சி மாமா. எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு. நாங்களும் அம்மாவத்தான் திட்டினோம்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைத் திட்டவில்லை, அதற்கு மேல் என்னைப் பார்க்கவும் இல்லை.

"வுடு பாப்பா," என்று தனம் எழுந்தாள். "அண்ணன் அம்மாந்தூரம் வந்திருக்காரு. டீ நா போடறேன்."

மகள் ஒரு கணம் தயங்கி, பிறகு வழியை விட்டாள். உள்ளே பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு லைட்டர் டக் டக் என்று அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் மட்டும் வரவேயில்லை. கேஸைத் திறக்காமலே அடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மகளும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருந்தோம்.

"பாப்பா, நீயே வாம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் உள்ளே போனாள். தனம் வெளியே வந்து உட்கார்ந்து, முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணலன்னு மனசுக்குப் புரியுதுண்ணே," என்றாள். "கைக்குத்தான் புரிய மாட்டேங்குது."